ராடுக்குக் கீழே இரண்டு கைகள்

"ஆம்பளை யாரும் இல்லையா மேடம்?"

பெங்களூர் பிரேசர் டவுனில் இருக்கும் நம் பிசியோதெரபி கிளினிக்கின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக் கேட்டார். கையில் சர்ஜன் கொடுத்த கடிதத்தை நான்காக மடித்து வைத்திருந்தார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், உங்களுக்கு நான் கடைசியாக ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டீர்கள். இப்படியெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் இந்தக் கிளினிக்கை விட்டுப் போகிறேன் என்பதால், அந்த உரிமையைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்பது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. மேலே சொன்ன கேள்வியைக் கேட்ட மனிதரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த வேலையில் நான் கற்றதில் பாதி அவரால் வந்தது.

அவர் பெயர் லோகு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் மாத்திடுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழும், குறிப்பாகப் பெண்களுக்கு. அதற்குக் கோபப்படாதீர்கள். உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலை இது. யார் தொட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த உடம்புக்காரருடையது. நான் லோகுவிடம், "இருக்கார். சாயங்கால ஷிப்ட். உட்காந்திருங்க, வருவார்" என்றேன். அவர் உட்கார்ந்தார். சுவரில் நம் எல்லோருடைய போட்டோக்களும் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அதில் சாயங்கால ஷிப்ட் பிசியோவின் போட்டோவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இந்த சார் ஜிம்முக்குப் போவாரா?"

"தினமும் போவார்."

"எந்தப் பக்கம்?"

"வைட்ஃபீல்ட்ல ஏதோ ஒண்ணு."

அவர் முகம் மாறியது. கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "நீங்க போவீங்களா மேடம்?"

"நானா? ஈஜிபுராவுல தண்ணி கேனை மூணாவது மாடிக்கு ஏத்துறேனே, அதுதான் என் ஜிம்."

முதல் முறையாகச் சிரித்தார். "அப்போ நீங்களே பாத்துடுங்க" என்றார்.

எனக்கு ஜிம் பக்கம் யாரையும் தெரியாது என்பதற்காக நான் தேர்ந்தெடுக்கப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

லோகு வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்மில் டிரெயினர். திருப்பத்தூர் பக்கத்துக்காரர், பெங்களூருக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. தோளும் கையும் தொடையும் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவருக்கு நெஞ்சு பெண்களுக்கு இருப்பதுபோல் வளர்ந்துவிட்டது. நிறைய ஆண்களுக்கு வரும் விஷயம்தான் இது. உடன் படித்தவர்கள் அதற்கு வைத்த பெயரை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கரைப்பதற்காகத்தான் முதன்முதலில் உடற்பயிற்சி செய்யப் போனார். உடம்பில் மற்ற எல்லாம் மாறியது, அது மட்டும் மாறவில்லை. அது கொழுப்பாக மட்டும் இருந்தால் பயிற்சியில் குறையலாம். சுரப்பித் திசுவாக இருந்தால் எத்தனை தண்டால் எடுத்தாலும் போகாது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் முயற்சி போதவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். ஊருக்கே உடம்பை மாற்றிக் கொடுக்கிற மனிதர், தன் நெஞ்சை மறைக்கத் தொளதொளப்பான கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார். "டிரெயினர்னா இவர் மாதிரி அடக்கமா இருக்கணும்" என்று அவருடைய ஜிம்மில் ஒரு அம்மா பாராட்டினாராம்.

கடைசியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜிம்மில் யாருக்கும் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். "ஏன் மஞ்சக்காமாலை?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மேடம் யாரும் 'காட்டு பாக்கலாம்'னு சொல்ல மாட்டாங்க. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"ஆளுக்கு ஆள் கீழாநெல்லி குடுத்து அனுப்புறாங்க. சூப்பர்வைசர் வீட்ல இருந்து உப்பில்லாத கஞ்சி வருது. வேண்டாம்னு சொன்னா சந்தேகம் வருமேன்னு எல்லாத்தையும் குடிச்சிட்டிருக்கேன்."

அவரைச் சோதிக்கும்போது நான் கவனித்தது தையலை அல்ல. தையல் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது, அது சர்ஜனின் வேலை. நான் கவனித்தது அவர் கையை. பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கையின் இரண்டு விரல்கள் நெஞ்சுக்குப் போகும். டி-ஷர்ட்டைக் கிள்ளி முன்னால் இழுத்துவிடும். துணி நெஞ்சில் ஒட்டக்கூடாது என்பதற்காக. இப்போது அங்கே ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. டி-ஷர்ட்டுக்கு உள்ளே கம்ப்ரெஷன் வெஸ்ட் என்று சொல்லும் இறுக்கமான பனியன் வேறு போட்டிருக்கிறார். ஆனாலும் விரல்கள் போகின்றன. தோள்களும் அப்படித்தான், இன்னும் எதையோ மூடுவதுபோல் முன்னால் வளைந்தே இருந்தன.

சர்ஜன் எடுத்தது சதையை. பழக்கத்தை எடுக்க அவரிடம் கருவி கிடையாது. அது நமக்கு விட்டுவைக்கப்பட்ட வேலை.

முதல் நாட்களில் நடையைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை. கிளினிக்கைச் சுற்றி இருக்கும் தெருக்களில், பேக்கரி வாசனையில், கைகளை மெதுவாக வீசி நடப்பது. இத்தனை எடை தூக்கியவருக்கு அது அவமானமாக இருந்தது. "எங்க சூப்பர்வைசரோட மாமியார்கூட இதைவிட வேகமா நடப்பாங்க மேடம்" என்றார்.

"அவங்களுக்கு நெஞ்சுல தையல் இல்ல."

"கையை வீசணுமா? மடக்கி வெச்சுக்கக் கூடாதா?"

"எதுக்கு மடக்கணும்?"

அன்றைக்குத் தெருமுனைவரை கையை வீசி நடந்தார். திரும்பி வரும்போது, "பதிமூணு பதினாலு வயசுக்கு அப்புறம் இப்பதான் மேடம் ரோட்டுல கையை வீசி நடக்கிறேன்" என்றார்.

எந்த வாரம் எந்தப் பயிற்சி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், சர்ஜன் சொல்வதுதான் கணக்கு. நடை முதலில் வரும், பிறகு கால், நெஞ்சுக்கான பயிற்சி எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது.

சில வாரங்கள் கழித்து, எடை தூக்காமல் வேலைக்குப் போகலாம் என்று சர்ஜன் அனுமதித்தார். நான் லோகுவைக் கேட்டேன்: "வேலையில என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல நின்னு எண்ணுவேன் மேடம். பத்து, பதினொண்ணு, இன்னும் ஒண்ணு, சூப்பர். அவ்வளவுதான் டிரெயினர் வேலை."

"எதையும் தூக்க மாட்டீங்களே?"

"தொடக்கூட மாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. தன் வேலை அதுதான் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஒரு நாள் மத்தியானம். கிளினிக்கில் பிசியோ என்று நான் ஒருத்திதான் இருந்தேன். முழங்கால் வலிக்கு வரும் ஒரு ஆன்ட்டி வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு லோகு வந்தார். முகம் வெளுத்திருந்தது. அன்றைக்கு அவருக்கு அப்பாயின்ட்மென்ட்டே இல்லை.

"சின்ன விஷயம் மேடம். கொஞ்சம் டைட்டா கட்டு போட்டு விடுங்க. ஐஸ் இருந்தா குடுங்க. போதும்."

திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தேன். வலது பக்கம் வீங்கியிருந்தது. இடது பக்கம் அப்படியே தட்டையாக இருந்தது. வலது பக்கத்துத் தோல் இழுத்துக் கட்டின மாதிரி விறைத்து, நிறம் மாறிக்கொண்டிருந்தது. பனியனின் கொக்கியைக் கடைசிக் கண்ணிக்கு மாற்றி இறுக்கியிருந்தார். இறுக்கினால் அடங்கிவிடும் என்று நினைத்திருக்கிறார்.

"காலையில இப்படி இருந்துதா?"

"இல்ல. இப்ப ஒரு மணி நேரமாத்தான்."

ஒரு பக்கம் மட்டும், திடீரென்று, வளர்ந்துகொண்டே போகும் வீக்கம். உள்ளே ரத்தம் கசிந்து சேர்கிறது என்றுதான் நினைக்க வேண்டும். இதற்கு நம்மிடம் மருந்து கிடையாது. ஐஸும் கட்டும் கொடுத்தால் நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும், நமக்கும் ஏதோ செய்த திருப்தி இருக்கும், நேரம் மட்டும் போய்விடும். என் கை அந்தப் பனியனின் கொக்கியைத் தளர்த்தியது. வேறு எதையும் தொடவில்லை.

"சர்ஜன்கிட்ட போகணும். இப்பவே."

"வேண்டாம் மேடம்."

"அவர் ஆஸ்பத்திரி இந்திராநகர்ல. நீங்க மெட்ரோவுல வரும்போது அதைத் தாண்டித்தான் வந்திருக்கீங்க."

"தெரியும். அங்க போனா மறுபடியும் லீவ் போடச் சொல்லுவார். மறுபடியும் என்ன காரணம் சொல்றது? இப்பவே ஒருத்தன் 'மஞ்சக்காமாலை வந்தவன் எப்படிடா இவ்ளோ ஃபிரெஷ்ஷா வந்திருக்கே'ன்னு நோண்டிட்டிருக்கான். தெரிஞ்சா என்கிட்ட எவன் டிரெயினிங் எடுப்பான்? இத்தனை வருஷம் மறைச்சது எதுக்கு?"

"லோகு, இது வளந்துக்கிட்டிருக்கு."

"நீங்க ஆம்பளையா இருந்தா புரிஞ்சிருக்கும்."

அது சுருக்கென்று தைத்தது. பொய் சொல்லமாட்டேன். இத்தனை நாள் நடை நடந்து, பேசி, சிரித்து, கடைசியில் மறுபடியும் முதல் கேள்விக்கே வந்து நிற்கிறோமே என்று இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் என் மனத்தாங்கலுக்கு இடம் இல்லை. பயந்திருப்பவர் எதை வேண்டுமானாலும் வீசுவார். வீசுவதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தால் வீக்கத்தைக் கவனிக்க முடியாது.

"ஆம்பளையா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவார். சொல்லலைன்னா அவர் பிசியோவே இல்ல. செருப்பை மாட்டுங்க."

அவருக்கு முன்னாலேயே சர்ஜனுக்குப் போன் போட்டேன். பார்த்ததை மட்டும் சொன்னேன்: எந்தப் பக்கம், எப்போதிருந்து, எப்படி வளர்கிறது. "வெயிட் பண்ணாம கூட்டிட்டு வாம்மா" என்று வைத்துவிட்டார். தனியாக அனுப்பினால் லோகு மெட்ரோ ஏறி நேராக வீட்டுக்குப் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் நானும் கிளம்பினேன். முழங்கால் ஆன்ட்டியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் படுத்தபடியே கையை ஆட்டினார். "நீ போம்மா. நான் எங்க ஓடப்போறேன்? ஓட முடிஞ்சா இங்க எதுக்கு வர்றேன்?"

அந்த ஆன்ட்டிக்கு நான் இன்னும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆட்டோவில் அல்சூர் ஏரியைத் தாண்டும்போதுதான் கேட்டேன். "எதைத் தூக்கினீங்க?"

"நான் எதையும் தூக்கல மேடம்." வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ராவ் சார்னு ஒருத்தர். அம்பது வயசுக்கு மேல. ஐ.டி. மேனேஜர். நான் இல்லாத நாள்ல அவரே எடையை ஏத்திக்கிட்டாரு. பெஞ்ச்ல மல்லாக்கப் படுத்து ராடைத் தூக்குறாரு. நான் தலைமாட்டுல நின்னு எண்ணிட்டிருக்கேன். கடைசி ஒண்ணு பாதியில நின்னுடுச்சு. கை நடுங்குது. ராடு அப்படியே கழுத்துப் பக்கம் இறங்குது. அவர் கண்ணு பிதுங்கிடுச்சு மேடம்."

"பிடிச்சீங்க."

"நான் பிடிக்கல மேடம். கை போயிடுச்சு. எனக்குத் தெரியறதுக்குள்ள ராடு மேல இருக்கு, ஸ்டாண்டுல மாட்டிட்டேன். அவர் எழுந்து 'தேங்க்ஸ் லோகு'ன்னு தண்ணி குடிக்கப் போயிட்டாரு. எனக்கு உள்ள ஏதோ சூடா இறங்கின மாதிரி இருந்துது."

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "சார், அவர் பொழைச்சாரா இல்லையா?"

"பொழைச்சாரு அண்ணா. நீங்க நேரா பாத்து ஓட்டுங்க, நாங்களும் பொழைக்கணும்" என்றேன்.

பிறகு லோகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "விட்டிருக்கணுமா மேடம்?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. எனக்குப் பதில் என் வீட்டிலிருந்து வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை, பெருமையாகத்தான் இருக்கும். அம்மா ஒரு டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங். நான் பிசியோதெரபி படித்தபோது சொந்தக்காரர்கள், "டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல, அப்ப உம் பொண்ணு யாரு?" என்று கேட்பார்கள். "விழுந்தவங்களை எழுப்பி நடக்க வெக்கிறவ" என்று அம்மா பட்டென்று சொல்லிவிடுவார். அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். உயரமான கட்டடத்தில் தொங்கு பலகையில் உட்கார்ந்து அடிப்பார். மேலே ஒருவர் தொங்கினால் கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நிற்பார். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைக்கும் முன்பு, உடம்பு சரியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோ, கைவலியோ, தூக்கம் இல்லையோ, எதுவானாலும். சொன்னவரை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அன்றைக்கு அவருக்குப் பெயிண்ட் கலக்கும் வேலை, கயிறு வேறு ஒருவர் கைக்குப் போகும். அப்பா வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு நான் கலக்குற வேலை" என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

"கையை நீட்டினது தப்பில்ல லோகு" என்றேன். "விட்டிருந்தா உங்களால தூங்க முடியாது. ஆனா அந்த இடத்துல இன்னிக்கு வேற ஒருத்தர் நின்னிருக்கணும். உங்களுக்கு முடியாதுன்னு ஜிம்ல ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தாக்கூட அவர் நின்னிருப்பார். யாருக்கும் தெரியாததால நீங்களே நின்னீங்க. இதை மறைச்சதுல உங்க நெஞ்சை மட்டும் இல்ல, ராவ் சாரோட கழுத்தையும் சேத்துத்தான் பணயம் வெச்சிருக்கீங்க."

இரண்டு விரல்களும் டி-ஷர்ட்டுக்குப் போயின. வலியில் பாதியிலேயே நின்றுவிட்டன.

சர்ஜன் அவரைப் பார்த்ததும் உள்ளே அழைத்துப்போனார். சேர்ந்திருந்த ரத்தத்தை எடுத்து, கசிந்த இடத்தைச் சரிசெய்தார். வெளியே வந்து என்னிடம், "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தே. நீ ஐஸ் வெச்சு நாளைக்கு அனுப்பியிருந்தா வேற கதையா இருந்திருக்கும்" என்றார். அந்த வார்த்தையைச் சான்றிதழ் மாதிரி வைத்திருக்கிறேன். ஆனால் உண்மையில் நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யக்கூடாததைச் செய்யாமல் இருந்தேன், கூடவே போனேன், அவ்வளவுதான். நெருக்கடியில் பல சமயம் நம் வேலை அவ்வளவுதான் இருக்கும். அது குறைவாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அடுத்து நடந்ததை லோகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடம்பு தேறியதும் அவரே ஜிம் சூப்பர்வைசரிடம் போனார். சூப்பர்வைசர் கன்னடக்காரர், எல்லோரையும் 'குரு' என்று கூப்பிடுகிறவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் லோகு. முழுவதையும் கேட்டுவிட்டு சூப்பர்வைசர் கேட்டாராம்:

"ஏன் குரு, என் ஹெண்டத்தி, என் வீட்டுக்காரி, உப்பில்லாம கஞ்சி வெச்சு அனுப்பினாளே, அதை என்ன பண்ணினே?"

"குடிச்சேன் சார்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் ஒரு வாய் வெச்சு கீழே கொட்டினேன் குரு அதை! சரி, உனக்கு தண்டனை ஆயிடுச்சு. போ. இனிமே ராடு பக்கத்துல வேற ஒருத்தன் நிப்பான். நீ வாயால வேலை பாரு."

எல்லாம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ராடு பக்கத்தில் வேறொருவர் நிற்பது ஏன் என்று ஜிம்மில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உடன் வேலை பார்த்த ஒருவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார். ஒரு கஸ்டமர் வேறு டிரெயினரிடம் மாறிக்கொண்டார். லோகு சில நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னவள் நான்தானே. ஆனால் ராவ் சார் மாறவில்லை. "எனக்காகத் தையலைப் பிரிச்சுக்கிட்டவனை விட்டுட்டு நான் வேற யாருகிட்ட போறது?" என்றாராம். அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பிலேயே இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், லிஃப்ட் பக்கத்தில் லோகுவை நிறுத்தி, "யாரு டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் தொளதொளப்பான சட்டைக்காரர்கள்தான்.

மறுபடியும் நடையிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை சூப்பர்வைசரின் மாமியாரைப் பற்றி அவர் பேசவில்லை. நெஞ்சுக்கான பயிற்சியைத் தொடங்கலாம் என்று சர்ஜன் சொன்ன பிறகு, கிளினிக்கில் வெறும் கையால், அடுத்து ரப்பர் பட்டையால் செய்தார். ஒரு கட்டத்தில் நம்மிடம் இருக்கும் சாமான் போதாது என்று ஆனது. "ராடு வேணும் மேடம். எடை எதுவும் மாட்டாம, வெறும் ராடு." நானே வைட்ஃபீல்டுக்குப் போனேன். ஆட்கள் ஆபீசுக்குப் போய்விட்ட முற்பகல். ஜிம் காலியாக இருந்தது.

பெஞ்சில் படுத்தார். நான் தலைமாட்டில் நின்றேன். உண்மையில் எப்படி நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

"கால் அகலமா வைங்க மேடம். முட்டியை லேசா மடக்குங்க. கை ராடுக்குக் கீழே இருக்கணும், தொடக் கூடாது. தொட்டா தூக்கறவனுக்குக் கோபம் வரும்."

"சரி."

"ராடைப் பாக்காதீங்க. என் மூஞ்சியைப் பாருங்க. ராடு கடைசி நிமிஷம் வரைக்கும் ஒழுங்கா போற மாதிரியே இருக்கும். மூஞ்சி முன்னாலயே சொல்லிடும்."

பார்த்தேன். அவர் ராடைப் பிடித்தார். தூக்கவில்லை. கையை எடுத்தார். இரண்டு விரல்கள் நெஞ்சுக்குப் போய் டி-ஷர்ட்டைக் கிள்ளி இழுத்துவிட்டன. மறுபடி ராடைப் பிடித்தார். மறுபடியும் தூக்கவில்லை. இதைப்போல் பல மடங்கு எடையைத் தூக்கிய மனிதர்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்." மல்லாந்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு இதுவரைக்கும் யாரும் இப்படி நின்னதில்ல. ஆயிரம் பேருக்கு நான் நின்னிருக்கேன். என் பயிற்சியை மட்டும் ஜிம் திறக்கறதுக்கு முன்னாடி தனியா வந்து பண்ணிட்டுப் போயிடுவேன். மல்லாக்கப் படுத்தா, மேல நிக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும்ல."

யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, பிடிக்க ஆளில்லாமல், கழுத்துக்கு மேலே இரும்பை இத்தனை வருடம் தனியாகத் தூக்கியிருக்கிறார். அடுத்தவர் கழுத்துக்கு மட்டும் கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

"நான் மூஞ்சியைத்தான் பாக்கறேன்" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க."

சிரித்தார். ராடு மேலே எழுந்தது. மெதுவாக இறங்கி நெஞ்சைத் தொட்டது. மறுபடி எழுந்தது. என் இரண்டு கைகளும் அதற்குக் கீழே கூடவே இறங்கி, கூடவே ஏறின. ஒருமுறைகூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஸ்டாண்டில் மாட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வெறும் ராடுக்கு அவ்வளவு வியர்க்காது. நான் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன்.

இப்போது, மனதில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். "வேலையில என்ன பண்ணுவீங்க?" என்று யாரையும் வாயால் மட்டும் கேட்காதீர்கள். எழுந்து நின்று செய்து காட்டச் சொல்லுங்கள். லோகு "எண்ணுவேன்" என்று சொன்ன அன்று, எழுந்து எண்ணிக் காட்டச் சொல்லியிருந்தால், அவர் கைகள் தானாக ராடுக்குக் கீழே போவதை இருவருமே பார்த்திருப்போம். அதற்குப் பிறகு நான் எல்லோரையும் செய்து காட்டச் சொல்கிறேன். "உட்காந்து ஓட்டுறதுதான்" என்று சொன்ன ஒரு கேப் டிரைவர், செய்து காட்டும்போது டிக்கியிலிருந்து விமான நிலையப் பெட்டிகளை இறக்கினார். "சும்மா கல்லாவுல உட்காருவேன்" என்ற கடைக்காரர் எழுந்து ஷட்டரைத் தூக்கிக் காட்டினார். யாரும் நம்மிடம் பொய் சொல்வதில்லை. கைகள் செய்வது அவர்கள் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. யாருக்காவது ரகசியம் வேண்டுமென்றால், நம் பக்கத்திலிருந்து அது வெளியே போகக் கூடாது. அதில் சமரசமே இல்லை. லோகுவின் ஜிம்முக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அவர். ஆனால், அருகில் இருப்பவர்களில் விஷயம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று இப்போது எல்லோரையும் கேட்கிறேன். இல்லை என்றால், யாரிடம் சொல்லலாம் என்று அவரையே யோசிக்கச் சொல்கிறேன்.

இந்தக் கிளினிக் எனக்கு வேலை கொடுத்தது. கூப்பிட்டதும் போனை எடுக்கும் ஒரு சர்ஜனைக் கொடுத்தது. வெந்நீர்ப் பையோடு காத்திருந்த ஆன்ட்டியைக் கொடுத்தது. என்னை நம்பலாமா என்று சந்தேகப்பட்டு, பிறகு தன் கழுத்துக்கு மேலே என்னை நிற்கவைத்த ஒருவரைக் கொடுத்தது. இங்கிருந்து குறையோடு போகவில்லை. கை நிறைய எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

எங்கே போகிறேன் என்று கேட்டீர்கள். ஈஜிபுராவில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே, இஸ்திரிக் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் உடற்பயிற்சிக்கும் உடலுழைப்புக்கும் திரும்புகிறவர்களுக்கான இடம். பெயர்ப்பலகைக்கு எழுத்து எழுத ஆள் வைத்தோம், அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீலம் முழுக்க அப்பா அடித்தது. மூன்று முறை அடித்தார். என் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் ஒரு சொட்டு விழாமல் ஓரம் தீட்டினார். வார விடுமுறைக் காலைகளில் லோகு வந்து வகுப்பெடுப்பார். இப்போதெல்லாம் அவர் போடும் டி-ஷர்ட் அவர் அளவுக்குச் சரியாக இருக்கிறது.

போன சனிக்கிழமை முதல் வகுப்பு. தொடங்குவதற்கு முன்பு, மாடிப்படியில் ஒருவர் பாதி ஏறி, நின்று, எட்டிப் பார்த்தார். பெரிய சட்டை. இரண்டு விரல்களால் அதை நெஞ்சிலிருந்து கிள்ளி இழுத்துவிட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஆம்பளை யாரும் இல்லையா மேடம்?"

"இருக்கார். உள்ள ராடு மாட்டிட்டிருக்கார்" என்றேன். "சொல்லித் தர்றது அவர். பிடிக்கிறது நான். செருப்பைக் கழட்டிட்டு வாங்க."